நுவரெலியா உயரத்தில் பிரீமியோவும் சிவிக்கும்: நேர்ப்பாதையில் எது முந்துகிறது?

வணக்கம். எனக்குப் பின்னால் பனிமூட்டத்துக்குள் நிற்கும் இரண்டு கார்களும் மலையகத்தில் எல்லோருக்கும் பழக்கமானவை. வெள்ளை நிறக் கார் என் மாமாவின் டொயோட்டா பிரீமியோ. பக்கத்தில் நிற்பது நண்பர் ஒருவருடைய ஹொண்டா சிவிக், 1 லீற்றர் டர்போ; அதாவது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி உள்ள வண்டி. இவ்விரண்டில் எதற்குப் பிக்கப், அதாவது சட்டென்று வேகமெடுக்கும் திறன், அதிகம் என்ற கேள்விக்குக் கொழும்பில் எடுத்த காணொளிகளைப் பார்த்து நம்மவர்கள் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில் இங்கே செல்லாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைக் காட்டுவதற்காகவே இரண்டு வண்டிகளையும் இவ்வளவு காலையில் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

முதலில் எஞ்சின்களைப் பார்ப்போம். பிரீமியோவில் இருப்பது 1500 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத எஞ்சின். அதன் வலு 109 குதிரைவலு, சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை 136 நியூட்டன் மீற்றர், அந்த விசை முழுதாகக் கிடைப்பது 4800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) அளவில். சிவிக்கில் 988 சிசி, மூன்று சிலிண்டர்தான். ஆனாலும் டர்போவின் உதவியால் 129 குதிரைவலு தருகிறது. 180 நியூட்டன் மீற்றர் விசை 1700 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. இரண்டிலும் சிவிடி, அதாவது படிகள் இல்லாமல் தானாக விகிதம் மாற்றும் கியர்பெட்டி. பிரீமியோ ஏறக்குறைய 1200 கிலோ, சிவிக் அதைவிடச் சற்றுக் கூடுதல். நம் நாட்டில் வாகன வரி எஞ்சின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுவதால்தான் ஆயிரம் சிசிக்குள் அடங்கிய இந்தச் சிறிய எஞ்சின் இத்தனை வீட்டு வாசல்களில் நிற்கிறது.

கடல் மட்டத்தில் இரண்டுக்கும் இடையே 20 குதிரைவலுதான் வித்தியாசம். எடையையும் சேர்த்துப் பார்த்தால் அது இன்னும் சுருங்கும். கொழும்பில் இரண்டும் ஏறத்தாழ ஒட்டியே ஓடுவதற்கு அதுவே காரணம். நுவரெலியாவோ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். குளிர் காற்று கொஞ்சம் அடர்த்தியானது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், கொழும்பின் வெயிலில் எஞ்சினுக்குள் போகும் காற்றைவிட இங்கே ஆறில் ஒரு பங்கு குறைவாகப் போகிறது. டர்போ இல்லாத எஞ்சின் எவ்வளவு காற்றை இழக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு வலுவையும் இழக்கும். ஆகவே மாமாவின் பிரீமியோ இந்த இடத்தில் 91 குதிரைவலு வண்டியாகிவிடுகிறது. சிவிக்கின் டர்போ கூடுதலாகச் சுழன்று, குறைந்த காற்றை மீண்டும் அழுத்திக் கொடுத்துவிடுவதால் அதற்கு இழப்பு மிகக் குறைவு.

இந்த உண்மையை நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மகாகஸ்தோட்ட வாகன மலையேற்றப் போட்டிக்கு வண்டி தயார் செய்பவர்கள் நன்றாக அறிவார்கள். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பழைய முறையான கார்பரேற்றர் உள்ள எஞ்சினாக இருந்தால் இந்த உயரத்தில் பெற்றோல் மிகுந்து, காற்றுப் போதாமல், புகை கக்கித் திணறும். அதற்காக, பெற்றோல் செல்லும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான ஜெட்டை மாற்ற வேண்டும். இக்காலத்து எஞ்சின்கள் பெற்றோலைத் தாமாகவே அளந்து குறைத்துக்கொள்கின்றன. இல்லாத காற்றை மட்டும் அவற்றால் உண்டாக்க முடியாது.

இப்போது ஓட்டத்துக்கு வருவோம். இது அனுமதி பெற்றுப் பயன்படுத்தும் தோட்டத்துச் சொந்தப் பாதை. பொது வீதியில் இதை யாரும் முயற்சி செய்ய வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு கார்களிலும் அரைத் தாங்கி 95 ஒக்டேன் பெற்றோல், டயர்கள் குளிர்ந்திருக்கும்போதே பார்த்த காற்றழுத்தம், தலா இரண்டு பேர். கண்ணுக்குத் தெரியாத சரிவு எந்தக் காருக்கும் சாதகமாகிவிடக் கூடாது என்பதற்காக இரு திசைகளிலும் ஓட்டினோம். நேர்ப்பாதை குறுகியது என்பதால் 80 கிலோமீற்றர் வேகத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

நின்ற நிலையிலிருந்து புறப்படும் அந்த முதல் கணத்தைத் திரையில் மெதுவாகக் காட்டுகிறேன், கவனியுங்கள். பிரீமியோ உடனே நகர்கிறது. சிவிக் மிதியை அழுத்திய பிறகு ஒரு மூச்சு விட்டுத்தான் எழுகிறது, ஏனென்றால் டர்போ சுழல் எடுக்கப் போதிய புகையழுத்தம் இன்னும் சேரவில்லை. அரைக் கார் நீளம் பிரீமியோ முன்னே நிற்கிறது. மாமாவின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன். வேகம் 40 ஐ நெருங்கும்போது சிவிக் அவரைப் பிடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு பிரீமியோவின் எஞ்சின் உச்சத்தில் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருக்க, வேகமுள் பின்னால் மெதுவாக ஏறுகிறது. 80 ஐத் தொடும்போது சிவிக் மூன்று, நான்கு கார் நீளம் முன்னே போய்விட்டது. இரு திசைகளிலும் இதுதான் நடந்தது.

நமக்கு இதைவிட முக்கியமானது 30 இலிருந்து 60 வரையிலான வேக ஏற்றம். ரம்பொடை ஏற்றத்தில் மரக்கறி லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், இரண்டு முடக்குகளுக்கு நடுவில் கிடைக்கும் சிறு நேர்ப்பாதையில்தான் முந்த வேண்டும். ஆட்களோடு 1350 கிலோ எடையுள்ள வண்டி, 100 மீற்றருக்கு 8 மீற்றர் உயரும் ஏற்றத்தில் 50 கிலோமீற்றர் வேகத்தை இழக்காமல் போவதற்கே ஏறக்குறைய 20 குதிரைவலு செலவாகும். 91 இல் அது போய்விட்டால் முந்துவதற்கு மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம். இங்கே சிவிக்கின் 1700 ஆர்பிஎம் விசைக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. மிதியைப் பாதி அழுத்தினாலே வண்டி எழுந்துவிடுகிறது.

பிரீமியோ வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். முந்துவதற்கு ஒரு முடக்கு முன்னதாகவே மிதியை அழுத்தி எஞ்சினை 4000 ஆர்பிஎம்முக்கு மேல் கொண்டுவந்து வைத்துக்கொண்டால், நேர்ப்பாதை திறக்கும்போது வலு காலடியில் தயாராக இருக்கும். கடைசி ஓட்டத்தில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மாமா அப்படித்தான் ஓட்டிக் காட்டினார். சிவிக்கைப் பிடிக்கவில்லை, ஆனால் முதல் ஓட்டங்களில் தெரிந்த தயக்கம் அதில் இல்லை. அந்த ஓட்டத்தை இப்போது வெட்டாமல் முழுவதுமாகப் போடுகிறேன்; எஞ்சின் சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள்.