படகுக்குக் கித்தான் உறை: துணி தாங்கும், நூல் தாங்குமா?

[திரையில்: பழைய படகு உறை ஒன்று. இரண்டு கைகள் தையலின் இருபுறமும் பிடித்து மெதுவாக இழுக்கின்றன. தையல் நீளவாக்கில் பிரிந்துகொண்டே போகிறது.]

வணக்கம். இந்த உறையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல வருடம் வெயிலில் கிடந்த உறை. துணியை எவ்வளவு இழுத்தாலும் கிழியவில்லை, நிறம்கூடப் பெரிதாக மங்கவில்லை. ஆனால் தையலில் கை வைத்ததும் நூல் பொடியாக உதிர்கிறது.

படகு உறை என்றதும் நமக்கு மழைதான் நினைவுக்கு வரும். உறையைத் தின்பது வெயில். அதுவும் முதலில் நூலைத்தான் தின்னும். தையல் நூல் துணிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது, நாள் முழுக்க சூரியனின் புற ஊதாக் கதிர் அதன்மேல் விழுகிறது. துணியின் இழைகளோ ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்திருக்கின்றன. அதனால்தான் நல்ல துணியில் தைத்த உறைகூட தையலில் விட்டுப்போகிறது. இன்று திறந்த படகு ஒன்றுக்கு நாமே உறை தைப்பது எப்படி என்று பார்க்கப் போகிறோம். எந்த வேலைக்கு வந்தாலும் ‘இந்த இடம் எங்கே விட்டுப்போகும்?’ என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: மேசைமீது நான்கு துணித் துண்டுகள்]

முதலில் துணி. ஒரு காலத்தில் கித்தான் என்றால் பருத்தியும் சணல் வகை நாரும்தான். ‘கேன்வாஸ்’ என்ற சொல்லே கஞ்சாச் செடியின் லத்தீன் பெயரான ‘கன்னபிஸ்’ என்பதிலிருந்து வந்தது. அந்தச் செடியின் நாரில்தான் பழைய கப்பல்களின் பாய்களை நெய்தார்கள். பருத்திக் கித்தானுக்கு ஓர் அழகான குணம் உண்டு: நனைந்தால் நூல் ஊதி, இடைவெளியெல்லாம் அடைபட்டுவிடும். பூச்சு எதுவும் இல்லாமலே தண்ணீரைத் தடுக்கும். ஆனால் சீக்கிரம் காயாது, பூஞ்சை பிடிக்கும், சுருங்கும். எப்போதும் திறந்தவெளியில் கிடக்கும் உறைக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்றைக்கு அதிகம் பயன்படுவது அக்ரிலிக் துணி. சன்பிரெல்லா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1961இல் கிளென் ரேவன் நிறுவனம் வெயில் மறைப்புப் பந்தல்களுக்காகக் கொண்டுவந்தது, பிறகு படகுக்கும் வந்தது. இதில் சாயம் நெய்த பிறகு ஏற்றப்படுவதில்லை. இழை உருவாகும்போதே நிறம் உள்ளே கலந்துவிடுகிறது. செங்கல்லை எங்கே உடைத்தாலும் சிவப்புதானே, அந்த மாதிரி. சுவரில் அடித்த பெயின்ட் போலச் சுரண்டினால் போய்விடாது. சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிராம் எடை. காற்றை உள்ளே விடும், தண்ணீரை வழியவிடும், தைப்பதற்கும் சுகமானது. உரசல் மட்டும் அதற்கு ஆகாது. கூரான ஒரு மூலையில் இரண்டு மாதம் காற்றில் ஆடினால் ஓட்டை விழுந்துவிடும்.

பாலியெஸ்டர் கித்தான் உரசலை நன்றாகத் தாங்கும், இழுத்தாலும் நீளாது. நீளாது என்பதால் அளவு சரியாக இருந்தே ஆக வேண்டும். பி.வி.சி பூசிய துணியில் ஒரு சொட்டு நீர் இறங்காது. உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போகாது. நாலு நாள் கழித்துத் திறந்தால் படகுக்குள் பூஞ்சை வாடை அடிக்கும். என் தேர்வு அக்ரிலிக். உரசும் இடங்களில் மட்டும் உட்புறம் ஒட்டுத் துணி.

[திரையில்: இரண்டு நூல்கண்டுகள். ஒன்றின் இழையை விரல் நகத்தால் சுரண்டிக் காட்டுகிறோம்.]

சரி, நூலுக்கு வருவோம். பருத்தி நூல் வேண்டவே வேண்டாம். நைலான் நூல் பலமானதுதான், ஆனால் வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும். தேவை, புற ஊதாக் கதிரைத் தாங்கும் பக்குவம் செய்த பாலியெஸ்டர் நூல். வீட்டுத் தையல் மெஷினில் தைப்பதென்றால் 69ஆம் எண் நூலும் 16ஆம் எண் ஊசியும் பொருந்தும். மெஷின் கொஞ்சம் கனமானது என்றால் 92ஆம் எண் நூல், 18ஆம் எண் ஊசி. எண் ஏற ஏற நூல் தடிக்கும். தடித்த நூலில் அதிக சரக்கு இருப்பதால் வெயிலில் கூடுதல் காலம் நிற்கும்.

இன்னொரு நூலும் இருக்கிறது: பி.டி.எஃப்.இ நூல். ஒட்டாத வாணலியில் பூசுகிறார்களே, அதே பொருள். அதை வெயில் ஒன்றும் செய்யாது. துணியே வீணானாலும் நூல் அப்படியே இருக்கும். விலை பல மடங்கு, வழுக்கும், மெஷினில் இழுவிசையைத் தேடிப் பிடிக்கப் பொறுமை வேண்டும். இருந்தாலும், ஒரு படகுக்கு ஒரு தடவைதான் தைப்பேன் என்பவர் மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

[திரையில்: படகு. அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை நடுவே ஒரு குழாய் முதுகெலும்பு போல நிறுத்தப்பட்டிருக்கிறது.]

துணியை வெட்டுவதற்கு முன் இந்தக் குழாயைப் பற்றிப் பேசியாக வேண்டும். உறை தட்டையாகக் கிடந்தால் மழைநீர் தேங்கும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குட்டை, ஆழம் வெறும் 5 சென்டிமீட்டர் என்றால் 50 லிட்டர். அதாவது 50 கிலோ. அந்த எடையில் துணி இன்னும் தொய்யும், இன்னும் தண்ணீர் சேரும், கடைசியில் தையல் விடும். அணியம் முதல் அமரம் வரை நடுவில் ஒரு முகடு வேண்டும், வீட்டுக் கூரைக்கு மோட்டுவளை இருப்பதுபோல. முகட்டிலிருந்து விளிம்புக்கு ஒரு மீட்டர் போனால் 40 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. முகட்டை நிறுத்திய பிறகுதான் அளவெடுக்க வேண்டும். உறையைத் தைத்துவிட்டு அடியில் கழி கொடுத்துத் தூக்கினால் விளிம்பு எட்டாது.

[திரையில்: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டைப் படகின்மேல் விரித்து, டேப் ஒட்டி இழுத்துப் பிடிக்கிறோம். காட்சி நிதானமாக ஓடட்டும்.]

இனி பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான மாதிரி வடிவம். மொத்த வேலையில் பாதி இதுதான் என்றால் மிகையில்லை. அளவுநாடாவை வைத்து நீளம், அகலம் எழுதிக்கொண்டு துணியை வெட்டக் கூடாது. படகில் நேர்கோடு என்று எதுவுமே கிடையாது. எல்லாப் பக்கமும் வளைவு, அதுவும் ஒரே இடத்தில் இரண்டு திசையில் வளைவு. துணி ஒரு திசையில் மட்டும்தான் ஒழுங்காக வளையும். இரண்டு திசையில் வளைய வேண்டிய இடத்தில் ஒரு தையலோ, சட்டையில் பிடிப்பது போன்ற ஒரு டார்ட்டோ வந்தாக வேண்டும். அது எங்கே என்று பிளாஸ்டிக் ஷீட் தானாகவே காட்டிக் கொடுக்கும். சுருக்கம் எங்கே விழுகிறதோ, அங்கே.

படகைத் துடைத்துக் காயவையுங்கள். உறையின் விளிம்பு எங்கே முடிய வேண்டுமோ, அந்தக் கோட்டில் சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். மேலே ஷீட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டிவிட்டு, அந்தக் கோட்டை மார்க்கரால் வரையுங்கள். கயிறு கட்டும் கொக்கிகள், கண்ணாடிச் சட்டம், எஞ்சின், எது எங்கே முட்டுகிறதோ எல்லாவற்றையும் குறியுங்கள். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் 15 சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். தைக்கும்போது அந்தக் கோடுகள் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடவில்லை என்றால் ஒரு பக்கம் நழுவுகிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு ஷீட்டிலும் ‘முன்’, ‘பின்’, ‘இடம்’, ‘வலம்’ என்று எழுதுங்கள். மறக்காமல் ‘வெளிப்பக்கம்’ என்றும் எழுதுங்கள். என் முதல் உறையில் இதை எழுத விட்டுப்போய், இரண்டு துண்டுகளையும் இடப்பக்கத்துக்கே வெட்டிவிட்டேன். ஷீட் இருபுறமும் ஒரே மாதிரி தெரியும், துணிக்கு அப்படியில்லை. அப்புறம், ஒரு பக்கத்துக்கு மட்டும் பேட்டர்ன் எடுத்து அதையே திருப்பிப் போட்டு வெட்டலாம் என்பார்கள். பல படகுகளின் இரு பக்கமும் சமமாக இருப்பதில்லை. இரண்டு பக்கமும் எடுத்துவிடுங்கள்.

[திரையில்: தரையில் விரித்த துணி, மேலே பேட்டர்ன்]

துணியில் வைத்து வெட்டும்போது இணைப்புக்கு ஒன்றரை சென்டிமீட்டரும், விளிம்பு மடிக்க 5 சென்டிமீட்டரும் கூட விடுங்கள். இழுவிசை அதிகம் வரும் திசையில் பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கு நூல், ஓட வேண்டும். கிராஸாக வெட்டினால் துணி இழுபட்டு விளிம்பு தொங்கிவிடும்.

அக்ரிலிக் துணியைச் சூட்டுக்கத்தியால் வெட்டினால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும், நூல் பிரியாது. அடியில் ஒரு கண்ணாடித் தகடு வையுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பி.வி.சி துணியை மட்டும் சூட்டுக்கத்தியால் தொடவே தொடாதீர்கள். அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூச்சுக்குழாயைப் பாதிக்கும். அந்தத் துணிக்குக் கத்தரிக்கோலே போதும், அதன் ஓரம் பிரியாது.

[திரையில்: தையல் மெஷின், நெருக்கக் காட்சி]

தையல். குண்டூசி குத்தாதீர்கள், ஒவ்வொரு குத்தும் தண்ணீருக்கு ஒரு வழி. இருபுறமும் ஒட்டும் மெல்லிய டேப் கொண்டு துணிகளை ஒட்டிக்கொண்டு தைக்கலாம்.

இரண்டு துண்டுகளின் வெளிப்பக்கத்தையும் உள்ளுக்குள் எதிரெதிராக வைத்து முதல் தையல் போடுங்கள். பிறகு பிரித்து, இரண்டு ஓரங்களையும் ஒரே பக்கமாக மடித்துப் படியவைத்து, மேலிருந்து இன்னொரு தையல். ஜீன்ஸ் பேன்ட்டில் மேலே கோடுகோடாகத் தெரியுமே, அந்தத் தோற்றம் வரும். இங்கே ஒரு நல்ல விஷயம் நடக்கிறது. முதல் தையல் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது, வெயில் அதைப் பார்க்காது. மேலே தெரியும் நூல் நைந்தாலும் உள்ளே இருப்பது கொஞ்ச காலம் பிடித்துக்கொண்டிருக்கும். ஒற்றைத் தையலோடு யாராவது நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள்.

மடிப்பை எந்தப் பக்கம் படியவைப்பது? ஓட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறி நிற்கும், தண்ணீர் இடுக்கில் நுழையாமல் வழிந்துவிடும். துணியிலும் சரிவின் மேற்பக்கத் துண்டு கீழ்த் துண்டின்மேல் வர வேண்டும். அதற்கு மடிப்பு சரிவின் மேற்பக்கம் பார்த்துப் படிய வேண்டும்.

தையலின் நீளம் 4 முதல் 5 மில்லிமீட்டர். நெருக்கமாகத் தைத்தால் பலம் கூடும் என்று தோன்றும். கூடாது. தபால்தலைகளுக்கு நடுவே வரிசையாகத் துளை இருப்பதுபோல் ஆகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். தடிப்பான இடம் வந்தால் மோட்டாரை விட்டுவிட்டு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பெரிய துண்டைப் பாய் போலச் சுருட்டி மெஷினுக்குள் நுழைத்துவிடுங்கள், மறுபக்கம் தாங்க ஒரு மேசை போடுங்கள். துணியின் எடை ஊசியை இழுத்தால் ஊசி வளையும், தையல் விட்டுவிட்டு விழும்.

விளிம்பை மடித்துத் தைத்து, அதன் குழலுக்குள் ஒரு கயிறு ஓட்டினால் போதும், உறை படகின் விளிம்புக்கு அடியில் இறுகும். அதோடு படகுக்கு அடியில் சுற்றி வரும் இரண்டு, மூன்று பட்டை நாடாக்கள், பக்கிளோடு. துணியில் ஐலெட் வளையம் அடித்துக் கட்டுவதைவிட இது நல்லது. காற்று தூக்கும்போது ஐலெட்டின் ஒற்றை ஓட்டையில் மொத்த பாரமும் விழுந்து, அங்கிருந்துதான் கிழிசல் ஆரம்பிக்கும். ஐலெட்தான் வேண்டும் என்றால் அந்த இடத்தில் மூன்று, நான்கு மடிப்புத் துணி கொடுங்கள். பிரஸ் பட்டன் வைக்கப் படகில் துளை போட வேண்டியிருக்கும். ஃபைபர் படகின் நடு அடுக்கில் மரம் இருந்தால், அந்தத் துளை வழியே நீர் இறங்கி மரம் உளுத்துப்போகும். நான் தவிர்த்துவிடுகிறேன்.

ஜிப் வைத்தால் பெரிய பல் உள்ள பிளாஸ்டிக் ஜிப்பாகப் பாருங்கள், மேலே ஒரு துணி மடல் மூடட்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு காற்றுவழியும் விடுங்கள், மேலே தொப்பி போல மூடிய மாதிரி.

[திரையில்: படகின் கூரான இடங்களில் எல்லாம் சாக்பீஸ் தேய்க்கிறோம். உறையைப் போட்டு, நன்றாக ஆட்டி, எடுத்துத் திருப்பிக் காட்டுகிறோம். உள்ளே வெள்ளைத் தடங்கள்.]

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒட்டுத் துணி எங்கே வைப்பது என்று ஊகிக்க வேண்டாம். கொக்கி, கம்பி முனை, கண்ணாடிச் சட்டத்தின் மூலை எல்லாவற்றிலும் சாக்பீஸைத் தடவுங்கள். உறையைப் போட்டு, காற்று அடிப்பதுபோல அசைத்து, எடுங்கள். வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் உட்புறம் பி.வி.சி துணியோ மெல்லிய தோலோ வைத்துத் தையுங்கள். ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் பெயரும்.

பிறகு குழாய்த் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பாருங்கள். எங்கேயாவது நீர் தேங்கினால் முகட்டின் உயரத்தையோ கயிற்றின் இறுக்கத்தையோ மாற்றுங்கள். தையல் ஓட்டையில் சொட்டினால், அதற்கென்று உள்ள பசையை உள்பக்கம் தடவிக் காயவிடுங்கள்.

இந்த உறையோடு படகை வண்டியில் கட்டி இழுத்துச் செல்லாதீர்கள். சாலையில் அடிக்கும் காற்றில் தளர்ந்த இடமெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் வர வேண்டிய தேய்மானம் ஒரே பயணத்தில் வந்துவிடும்.

[திரையில்: விரல் நகம் தையலின்மேல் ஓடுகிறது.]

கழுவுவதற்குச் சாதா சோப்பும் மிதமான நீரும் மென்மையான பிரஷும். அக்ரிலிக்கில் பூஞ்சை வளர்வது துணியைத் தின்று அல்ல, மேலே படிந்த அழுக்கைத் தின்று. அழுக்கு போனால் அதுவும் போகும். ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். சில வருடம் கழித்துத் தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் துணியில் ஊற ஆரம்பித்தால், நீர் விலக்கும் மருந்தைத் தெளிக்க வேண்டிய நேரம்.

வருடத்துக்கு ஒருமுறை, அதிக வெயில் படும் மேல்பக்கத் தையலை நகத்தால் அழுத்திச் சுரண்டிப் பாருங்கள். நூல் பிசிறு பிசிறாகப் பிரிந்தால் காத்திருக்காதீர்கள். துணி நன்றாக இருக்கும்போதே, பழைய தையல்மேல் அதே கோட்டில் புதிய நூலால் ஓட்டிவிடுங்கள். ஒரு நாள் வேலைதான். நூல் முழுக்க விட்டு, காற்றில் துணி கிழிந்த பிறகு என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வெட்ட வேண்டும்.

அப்படி வெட்ட வேண்டி வந்தாலும் பிளாஸ்டிக் பேட்டர்ன் கையில் இருந்தால் பாதி வேலை மிச்சம். அதை மடிக்காமல் சுருட்டி, எந்தப் படகு, எந்த வருடம், எங்கெங்கே திருத்தினீர்கள் என்று ஓரத்தில் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

[திரையில்: சுருட்டிய பேட்டர்ன்மேல் மார்க்கரால் எழுதும் கை. காட்சி முடிகிறது.]