எலி கறுப்பாக வந்துவிட்டது, டிரிம்மர் வாங்கிவிட்டேன்

வணக்கம் மக்களே. வெள்ளை எலி வரப்போகிறது, வரப்போகிறது என்று போன வீடியோவில் குதித்தேன் இல்லையா? வந்துவிட்டது. ஒன்றுகூட வெள்ளை இல்லை. கூண்டுக்குக் கூண்டு கறுப்பு. அனுப்பியவர்களைக் கேட்டால், மரபணு ஒன்றுதானே, நிறத்தில் என்ன இருக்கிறது என்று பதில் வருகிறது. எரிச்சலாக இருக்காதா?

நிறத்தில்தான் எல்லாமே இருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இது ரிப்போர்ட்டர் எலி. 2002-ல் ஆஸ்லோவில் ஒரு குழு செய்து காட்டிய வகை. உடம்பில் எங்கே அழற்சி கிளம்பினாலும் செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்கிற புரதம் விழித்துக்கொண்டு டிஎன்ஏவில் போய் உட்காரும். அது உட்காருகிற இடத்தை மூன்று தடவை அடுத்தடுத்து வைத்து, பின்னால் மின்மினிப்பூச்சியின் லூசிஃபெரேஸ் என்கிற, ஒளியை உண்டாக்கும் நொதியின் மரபணுவைக் கோத்திருக்கிறார்கள். அழற்சி வந்தால் லூசிஃபெரேஸ் உண்டாகும், அதற்கு எரிபொருளான லூசிஃபெரினை ஊசியில் போட்டால் ஒளிரும். எலியை அறுக்காமல், மயக்கத்தில் படுக்க வைத்துக் கேமராவில் பார்த்துவிடலாம். அதே எலியை நாளைக்கும் பார்க்கலாம், அடுத்த வாரமும் பார்க்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இதன்மேல் அவ்வளவு பிரியம்.

ஆனால் வருவது மங்கல் வெளிச்சம். 600 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதில் பெரும்பகுதியை ரத்தத்தின் ஹீமோகுளோபினே குடித்துவிடும். தப்பித்து வருகிற சிவப்பைக் கறுப்பு முடி தின்றுவிடும். இதே கறுப்பு வம்சத்திலேயே மெலனின் என்கிற நிறமி உண்டாகாத வெள்ளை எலி இருக்கிறது, அதைத்தான் கேட்டிருந்தேன். சரி, வந்தது வந்துவிட்டது, சிரைக்க வேண்டியதுதான்.

இப்போது டிரிம்மர் கதை. லேபில் இருந்தது ஒரு பழைய மெஷின், போட்டால் அறையே அதிரும். நம் எலி மயக்கத்தில் இருக்கிறது, அதற்கு ஒன்றும் தெரியாது, பக்கத்துக் கூண்டில் விழித்திருப்பவை என்ன பாவம் செய்தன? எலிக்கு நம் காதுக்கு எட்டாத சத்தமெல்லாம் கேட்கும். அதனால் கடை கடையாக அலைந்து, கைக்குழந்தைகளுக்கு முடி வெட்டுகிற டிரிம்மர் ஒன்று பிடித்தேன், 34 யூரோ 90 சென்ட். அதே கம்பெனி, அதே பிளேடு, பெரியவர்களுக்கானது 22 யூரோ! டப்பாவில் ஒரு யானைப் படம் இருப்பதற்கு 13 யூரோவா? இருந்தாலும் சொல்கிறேன், அருமையான சாமான். சத்தமே இல்லை, முனை வட்டமாக இருப்பதால் தோலைக் கீறவில்லை. விலங்குக் கூடத்துக்குள் கேமரா கொண்டுபோக விடமாட்டார்கள், உங்களுக்கே தெரியும், இல்லையென்றால் காட்டியிருப்பேன்.

கீறல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த எலி எதைக் கண்டாலும் ஒளிரும். அந்த 2002 ஆய்விலேயே கொஞ்சம் புற ஊதா-பி ஒளி பட்ட தோல் மட்டும் தனியாகப் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. அப்படியானால் பிளேடு கீறியதும், ஆண் எலிகள் சண்டை போட்டுக் கடித்ததும் தெரியாதா? முடி எடுக்கிற க்ரீம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அது தோலை எரிச்சலாக்கினால் நீங்கள் பார்ப்பது க்ரீமின் அழற்சியை. அதனால் இரண்டு நாள் முன்னாலேயே சிரைத்துவிட்டு, எல்பிஎஸ், அதாவது அழற்சியைக் கிளப்ப நாம் போடுகிற பாக்டீரியாப் பொருள், அதைப் போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும். எல்பிஎஸ் போடாத எலிக்கும் அதே மொட்டைதான்.

இரு இரு, ஒன்றை விட்டுவிட்டேன். முடியை வழித்தாலும் தோல் கறுப்பாக இருக்கலாம். முடி வளரும் பருவத்தில் இந்த எலிகளின் தோலே திட்டுத்திட்டாகச் சாம்பல் கறுப்பாகும், ஓய்வுப் பருவத்தில் இளஞ்சிவப்பு. ஏழெட்டு வார எலியின் முதுகு பெரும்பாலும் ஓய்வில் இருக்கும், அதனால் அந்த வயதை விடாதீர்கள். வேரோடு பிடுங்கினால் வளர்ச்சி தூண்டப்படும், சிரைப்பதற்குப் பதில் மெழுகு வைத்துப் பிடுங்கலாமே என்று யோசனை சொன்ன நண்பர் கவனிக்கவும்.

லூசிஃபெரின் கணக்கும் கேட்டிருந்தீர்கள். கிலோவுக்கு 150 மில்லிகிராம், 20 கிராம் எலிக்கு 3 மில்லிகிராம். ஒரு கிராம் பாட்டிலில் 333 ஊசி வரும், காகிதத்தில். சிரிஞ்சில் தங்குவதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? வயிற்றுக்குள் போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் படம். அப்புறம், எதுவும் செய்யாத எலிக்கே கழுத்து நிணநீர்க் கணுக்கள் ஒளிரும், நெஞ்சுக்குள் இருக்கிற தைமஸ் சுரப்பியும் ஒளிரும். நோய் என்று பதறாதீர்கள், அது இயல்பு.

ஜிஎஃப்பி என்கிற பச்சையாக மினுங்கும் புரதம் போட்ட எலி வாங்கினால் ஊசிச் செலவு மிச்சம்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு வெளியிலிருந்து ஒளி அடிக்க வேண்டும், அடித்தால் தோலும் சேர்ந்து மினுங்கும். சிவப்புச் சாயங்களுக்குப் போனாலோ தீவனத்தில் இருக்கிற குதிரைமசாலின் பச்சையம் வயிற்றுக்குள்ளிருந்து மினுங்கும். மைக்ராஸ்கோப்பில் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுக்கள் ஓடுவதைப் பார்க்க ஜிஎஃப்பி எலி அற்புதம், அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். முழு எலியைப் பார்க்க என் ஓட்டு மின்மினிக்குத்தான்.