வலக்கைக்குத் தெரிந்த தமிழ்

வணக்கம் நேயர்களே. கிற்றார் பற்றிப் பேச வாருங்கள் என்று இந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் கூப்பிட்டபோதே தலைப்பையும் கையில் தந்துவிட்டார்: கிற்றார் வாசித்துக்கொண்டே பாட்டுக் கட்டுகிற ஒருவருக்குச் சொந்தப் பாணி எப்படி வருகிறது? கேள்வி பெரிசு, நேரம் குறைவு. கிற்றாரையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், அதனால் இடையிடையே கம்பிச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் என்னிடம் பழக வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இடக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எஃப் கோர்ட் (கோர்ட் என்றால் சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கிற பிடி) பிடிக்க ஆட்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே அழுத்தி, விரல் சிவந்து, அது வந்துவிட்டால் பாதிக் கலைஞராகிவிட்டோம் என்று ஒரு நினைப்பு. வலக்கை கம்பிகளை மேலும் கீழும் அடிப்பதற்கு யூடியூபில் பார்த்த ஒரே ஒரு அடி. கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். உலகத்தில் உள்ள அத்தனை பாட்டுக்கும் அதே அடிதான். என் அபிப்பிராயம் இதற்கு நேரெதிர். கோர்ட் எல்லோருக்கும் ஒன்றுதான். ஜீ மேஜர் உவர்மலையிலும் ஜீ மேஜர், லண்டனிலும் ஜீ மேஜர். ஆளை அடையாளம் காட்டுவது வலக்கை, அதுவும் பாடுகிறவர் என்றால் அவர் பாடுகிற மொழியைக் கேட்டு நடக்கிற வலக்கை.

சரி, முதலில் வெளியூர்க் கதை கொஞ்சம். எலிசபெத் கொட்டன் என்று ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. இடக்கைக்காரி. கையில் கிடைத்தது வலக்கைக்காரருக்கான கருவி. கம்பியை மாற்றிக் கட்டாமல் அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தார். அப்போது என்ன நடக்கும்? தடித்த கம்பிகள் கீழே போய்விடும், மெல்லிய கம்பிகள் மேலே வந்துவிடும். மற்றவர்கள் பெருவிரலால் தட்டுகிற அடிச்சுரத்தை அவர் மற்ற விரல்களால் தட்டினார், மெட்டைப் பெருவிரலால் எடுத்தார். அந்தச் சத்தம் வேறு யாருக்கும் வராது. நெடுங்காலம் வீட்டு வேலை செய்து வாழ்ந்தவர், முதல் இசைத்தட்டு 1958இல்தான் வந்தது, கிராமி விருது 1985இல், தொண்ணூறு வயதளவில். ஜாங்கோ ரைன்ஹார்ட் இன்னொருவர். 1928இல் அவர் இருந்த வண்டி வீடு தீப்பற்றியதில் இடக்கையின் கடைசி இரண்டு விரல்கள் கெட்டுப்போயின. மிச்சம் இரண்டு விரலால்தான் அந்த மின்னல் வேக வாசிப்பெல்லாம். ஜோனி மிட்செலுக்கு ஒன்பது வயதில் போலியோ, இடக்கையில் பலம் குறைவு. கடினமான கோர்ட்களைப் பிடிப்பதற்குப் பதிலாகக் கம்பிகளையே வேறு வேறு விதமாக ரியூன் செய்து கொண்டார். அதிலிருந்து கிளம்பிய ஒலி இன்றைக்கும் பலருக்குப் புதிர்.

இந்தக் கதைகளைச் சொன்னால் சிலர் உடனே, குறைதான் பாணி ஆகிறது என்று கவிதையாகப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தீ யாருக்கும் பாணி கொடுக்கவில்லை, தீக்குப் பிறகு ஜாங்கோ உட்கார்ந்து பழகிய காலம்தான் கொடுத்தது. ஆனால் ஒன்று உண்மை. தன் கைக்கு என்ன வரும், என்ன வராது என்பதை அவர்கள் மூன்று பேரும் தெளிவாகப் பார்த்தார்கள், வராததைச் சுற்றிப் போக வழி தேடினார்கள். நம் பிள்ளைகள் வராததை ஒளிக்கப் பார்க்கிறார்கள்.

அப்புறம், கொப்பியடிப்பது. இதைத் தப்பென்று நினைக்க வேண்டாம், எல்லோரும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் ஒரே ஆளைக் கொப்பியடித்தால் நீங்கள் அவருடைய நிழல். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பேரைப் பிடியுங்கள். அதற்கு எங்கேயும் போகவே தேவையில்லை, இந்த மாவட்டத்தில் காதைத் திறந்தால் போதும். பாலையூற்றுப் பக்கம் ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கியர் குடும்பங்களில் கலியாணம் என்றால் ஆறு எண்ணிக்கையில் ஓடுகிற தாளம் இருக்கிறதே, ஒன்று-இரண்டு-மூன்று, நாலு-ஐந்து-ஆறு என்று, போர்த்துக்கேயர் காலத்து வேரில் இருந்து வந்தது, அதுதான் பிறகு பைலா. அதே துள்ளலில்தான் 1970களில் ஈழத்துப் பொப் பாட்டுகள் நாடு முழுக்க ஓடின. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், நம் ஊர்ப் பரமேஷ்–கோணேஷ் சகோதரர்கள். அவர்களின் பாட்டுகளை இன்றைக்குத் திரும்பக் கேளுங்கள், கோர்ட் மூன்றோ நாலோதான் இருக்கும். வீட்டு முற்றத்தில் பேசுகிற தமிழ் அந்தத் தாளத்தில் வழுக்காமல் உட்கார்ந்திருக்கும். அதில்தான் வேலை இருக்கிறது.

இப்போது கைக்கு வருவோம். பெருவிரலை மட்டும் எடுங்கள். ஈ மைனர் பிடியுங்கள். பெருவிரல் ஆறாவது கம்பி, அதாவது மிகத் தடித்தது, பிறகு நாலாவது கம்பி, ஐந்தாவது, நாலாவது. இப்படி. (வாசித்துக் காட்டல்) மெதுவாக, நாலு எண்ணி. வேறு எந்த விரலும் வேண்டாம். அமெரிக்காவின் கென்டக்கிப் பக்கத்தில் மேர்ல் ட்ராவிஸ் என்பவர் இந்த மாதிரிப் பெருவிரல் நடையைப் பிரபலமாக்கியதால் அவர் பெயரிலேயே இதைச் சொல்வார்கள், பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இது ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாரோடாவது கதையுங்கள். இன்றைக்கு என்ன கறி, சைக்கிள் எங்கே விட்டாய், மின்சார பில் கட்டியாச்சா. முதலில் வாய் திறந்த உடனே விரல் நின்றுவிடும், அல்லது விரல் ஓடும்போது வார்த்தை தாளத்துக்குத் துண்டு துண்டாக வரும். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அயல்வீட்டுக் கதை முழுக்கச் சொல்கிற அக்காமாரைப் பார்த்திருப்பீர்கள், அந்த நிலை வரும்வரை விடாதீர்கள். கதைக்கவும் முடிந்து விரலும் ஓடினால்தான் பாடவும் முடியும். இதைத் தாண்டாமல் பாட்டெழுதப் போகிறவர்களின் சொல் எல்லாம் கைக்கு அடிமையாகிவிடும்.

அது எப்படி நடக்கிறது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன், சம்பந்தப்பட்டவர் அனுமதி தந்திருக்கிறார். கிண்ணியாவில் இருந்து பழக வருகிற ஒரு தங்கச்சி, உம்மம்மா சொன்ன பழைய கதையை வைத்து ஒரு பாட்டுக் கட்டினார். பாலம் வருவதற்கு முந்திய காலம். 2009இல் திறந்த அந்த 396 மீற்றர் பாலம்தான் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியும், அதற்கு முன்னர் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற மிதவைக்கு, 'பாதை' என்போம், அதற்காகக் கரையில் காத்துக் கிடந்தது அவர்களுக்குத் தெரியாது. பாட்டின் முதல் வரி, "பாதை வரும்வரை பார்த்திருந்தேன்." நல்ல வரி. எதையும் அலங்கரிக்கவில்லை.

ஆனால் வலக்கையில் அதே யூடியூப் அடி. கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். ஆறு அடி, ஆறு சொல்துண்டு, பா-தை-வ-ரும்-வ-ரை, அச்சாகப் பொருந்திவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். இந்த அடியில் ஒரு பொறி இருக்கிறது. மூன்றாவது எண்ணிக்கையில் கை காற்றில் போகும், கம்பியைத் தொடாது, அதனால் அதற்கு முந்திய அடி நீண்டுவிடும். அந்த இடத்தில் விழுந்தது 'வ'. குறில். அது ஒரு முழு எண்ணிக்கை நீண்டு 'வா' ஆகிவிட்டது. பாட்டைக் கேட்ட உம்மம்மா, "ஆரை மகள் வாரும் வாரும் எண்டு கூப்பிடுறாய்?" என்று கேட்டிருக்கிறார்.

உம்மம்மாவுக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் அவருடைய காதை நான் நம்புவேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் பாடமாக்கியதுதான், பரீட்சை முடிந்ததும் மறந்ததுதான். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பது முக்கியம், அந்த அழுத்தம் விழுகிற இடத்துக்கு ஏற்ற அடிகள்தான் அங்கே பிறந்தன. நமக்கு நீளம் முக்கியம். பாட்டில் குறிலை நீட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை, நம் பாடகர்கள் எல்லோரும் நீட்டுகிறார்கள்தான், ஆனால் நீட்டினால் வேறு சொல்லாகிற இடத்தில் நீட்டக் கூடாது.

என்ன செய்தோம்? வரியை மாற்றவில்லை. கம்பிகளை மொத்தமாக அடிக்கிற ஸ்ட்ரம்மிங்கை விட்டுவிட்டுப் பெருவிரல் நடைக்கு வந்தோம், எட்டு எண்ணினோம். ஒன்றில் பெருவிரல் மட்டும், வாய் மூடியிருக்கும். இரண்டில் 'பா' எடுத்து மூன்று வரை, நாலில் 'தை', ஐந்தில் 'வ' தொட்டவுடன் ஆறில் 'ரும்', அது ஏழு வரை நிற்கலாம், எட்டில் 'வ', அடுத்த ஒன்றில் பெருவிரலோடு சேர்ந்து 'ரை'. தாளம் தொடங்கிய பிறகு பாட்டு எடுப்பதை நம் சங்கீதத்தில் அனாகத எடுப்பு என்பார்கள், கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது பழைய விஷயம். கிற்றார் பழகுகிறவர்கள்தான் ஏனோ எல்லா வரியையும் ஒன்றிலேயே தொடங்குகிறார்கள். ஒரு எண்ணிக்கை தள்ளி எடுத்ததும், காத்திருக்கிற பாட்டில் காத்திருப்பும் தானாக வந்துவிட்டது. இதைத் திட்டமிட்டுச் செய்தோம் என்று பெருமையடிக்க மாட்டேன்.

இன்னொரு விஷயம், இது எனக்கு மிகப் பிடித்தது. கோணேசர் கோவிலில் திருஞானசம்பந்தர் பதிகம் கேட்டிருப்பீர்கள். "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே." பண் புறநீர்மை, ஓதுவார்கள் பூபாளத்தில் பாடுவார்கள். பூபாளத்துக்கு ஐந்து சுரம்தான். கிற்றாரில் ஈ-யை ஸட்ஜமாக, அதாவது 'ஸ'வாக வைத்தால் ஈ, எஃப், ஜீ, பீ, சீ. இந்த ஐந்துக்குள் எத்தனை சாதாரண கோர்ட் கட்டலாம் என்று பாருங்கள். ஈ மைனர் வரும். சீ மேஜர் வரும். ஏயும் டீயும் இல்லாததால் எஃப் மேஜரும் ஜீ மேஜரும் வராது. ஆக இரண்டே இரண்டு, அதுவும் பழகத் தொடங்கி ஒரு மாதத்தில் எந்தப் பிள்ளைக்கும் வந்துவிடுகிற இரண்டு. (வாசித்துக் காட்டல்) இராகத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் இதற்கு மேல் கோர்ட் சேர்க்க முடியாது, அப்போது மிச்ச வேலை முழுவதும் வலக்கைக்கும் குரலுக்கும் வந்துவிடும். 'குரைகடல்' என்று நாலு குறுகிய அடி ஓடி 'ஓதம்' என்று ஒரு நீண்ட அலை எழும்புகிறதே, அதைப் பெருவிரல் எப்படித் தாங்கப் போகிறது? ஒரு கிழமை இதை மட்டும் வைத்து விளையாடிப் பாருங்கள்.

கோர்ட்டே தொந்தரவாகத் தெரிந்தால் கம்பியைத் தளர்த்துங்கள். ஆறாவது, இரண்டாவது, முதலாவது, மூன்றையும் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கினால் டீ-ஏ-டீ-ஜீ-ஏ-டீ. டேவி கிரஹாம் என்ற பிரித்தானியர் 1960களின் தொடக்கத்தில் மொரோக்கோ நாட்டு ஊத் வாத்தியத்தோடு சேர்ந்து வாசிக்கத் தேடிப் பிடித்த ரியூனிங் என்பார்கள். மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. நமக்கு அதில் ஸட்ஜமும் பஞ்சமமும் சும்மா தட்டினாலே சுருதிப் பெட்டி மாதிரிக் கிடைக்கிறது. சுரத்தை அசைத்து வளைக்கிற கமகம் முழுக்க வருமா என்றால் வராது. ஃபிரெட், அதாவது கழுத்தில் குறுக்குக் கம்பிகள், கட்டின கருவியில் கம்பியை இழுத்து ஓரளவு காட்டலாம், பிரசன்னா போன்றவர்கள் கர்நாடக சங்கீதத்தையே கிற்றாரில் வாசிக்கிறார்கள், அது வேறு உயரம். பாட்டுக் கட்டுகிறவர் கமகத்தைக் குரலுக்கு விட்டுவிடலாம்.

கருவி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கடற்கரை ஊர். வாசித்து முடிந்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடையுங்கள், உப்புக் காற்றில் இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாடைக் காற்று மாதங்களில் மரம் ஈரத்தைக் குடித்து மேற்பலகை உப்பிக் கம்பி உயர்ந்துவிடும், கை வலிக்கும், அதற்காக உங்களுக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எதிர்ப்பக்கம், காய்ந்து வெடிக்கும், பெட்டியிலேயே வையுங்கள்.

கடைசியாக, போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் உடனே கேட்காதீர்கள். மறுநாள் கேளுங்கள். அப்போதுதான் பாடியது நீங்கள் என்பது கொஞ்சம் மறந்திருக்கும். அதோடு, பாட்டை அறியாத ஒருவருக்கு ஒரு தரம் பாடிக் காட்டி, நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். என்ன சொல் கேட்டது என்று கேளுங்கள். தவறிக் கேட்ட சொல்லைத் தேடிப் போனால் அங்கே வலக்கை ஏதோ செய்திருக்கும்.

அந்தக் கிண்ணியாத் தங்கச்சி இன்றைக்கு என்னோடு கலையகத்துக்கு வந்திருக்கிறார், பாட்டில் இன்னும் இரண்டாம் சரணம் சரியாகவில்லை என்று முறைத்துக்கொண்டு இருக்கிறார். முதல் சரணத்தை மட்டும் இப்போது பாடுவார். எந்தச் சொல்லாவது வேறு மாதிரிக் கேட்டால் நிகழ்ச்சிக்கு எழுதிப் போடுங்கள், நாங்கள் திருத்துகிறோம். நன்றி, வணக்கம்.