எண்ணெயில் வெடிக்கும் ஹாட் டாக்கும் நியூ ஜெர்சிக்காரர்களின் சண்டையும்

நேயர்களுக்கு வணக்கம்.

நியூ ஜெர்சியில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டபோது, எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டுத் தோசைக் கடைகளைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதைப் பேச நம்மவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது ஹாட் டாக் பற்றி. சாப்பிட்டுப் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: மாட்டிறைச்சியையோ பன்றியிறைச்சியையோ இரண்டையும் கலந்தோ நைசாக அரைத்து, உறையில் அடைத்து, நீளமான பன்னைக் கீறி நடுவில் வைத்துக் கொடுப்பார்கள். நாய்க்கும் அதற்கும் பெயரளவில் மட்டுமே சம்பந்தம்.

வந்த புதிதில் எனக்குக் கிளிஃப்டன் என்ற ஊரில் வேலை. ஒரு மத்தியானம் மேலதிகாரி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ரட்ஸ் ஹட் என்ற கடைக்கு அழைத்துப் போனார். 1928-இல் ஆரம்பித்த கடை. பசேயிக் ஆற்றுப் பக்கம் ஒரு மேட்டில் நிற்கிறது. மேஜை நாற்காலி போட்ட ஒரு பக்கம் உண்டு, ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் அங்கே போவதில்லை. இன்னொரு பக்கம் கவுண்டர். வாங்கிக்கொண்டு ஜன்னலோரமாக நின்றபடியே சாப்பிட வேண்டும். நம்மூர் கையேந்தி பவனுக்குச் சுவரும் கூரையும் வைத்தால் எப்படியோ அப்படி.

என் முறை வந்தது. "ஒரு ஹாட் டாக்" என்றேன். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். ஓட்டலில் போய் உட்கார்ந்து "ஒரு சாப்பாட்டுப் பொருள் கொண்டு வாங்க" என்று கேட்டால் சர்வர் எப்படிப் பார்ப்பார்? அந்தப் பார்வை. மேலதிகாரி குறுக்கே புகுந்து, "இரண்டு ரிப்பர்" என்றார்.

அந்தக் கடையில் ஹாட் டாக்கைத் தண்ணீரில் வேகவைப்பதும் இல்லை, கல்லில் வாட்டுவதும் இல்லை. கொதிக்கிற எண்ணெயில் போட்டுப் பொரிக்கிறார்கள். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும்போது, உறை தாங்காமல் நீளவாக்கில் கிழிந்துவிடும். கிழிவதால் அதற்கு ரிப்பர் என்று பெயர். கிழிந்த வாயோரம் முறுகிப்போய் மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே மெத்தென்று இருக்கும். எண்ணெயில் சும்மா முக்கி எடுத்தால் 'இன் அண்ட் அவுட்டர்'. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் 'வெல்லர்'. கருகிச் சுருங்கி, பார்த்தால் பாவமாக இருக்கிற அளவுக்கு விட்டால் 'கிரிமேட்டர்'. தமிழில் சொன்னால் சுடுகாட்டுப் பதம்.

நம்மூரில் "முறுகலா ஒண்ணு, பொடி தூக்கலா ஒண்ணு, எண்ணெய் இல்லாம ஒண்ணு" என்று சொல்கிறவர்களுக்கு இது புரியும். கல்லுக்கு முன்னால் நிற்கிறவருக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவே ஒரு பாஷை இருக்கிறது. அது தெரிந்தால் நீங்கள் உள்ளூர். தெரியாவிட்டால் விருந்தாளி.

அன்று சாயங்காலம் ஆபீஸில் பெருமையாகச் சொன்னேன், ரட்ஸ் ஹட் போய் வந்தேன் என்று. அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. கணக்குப் பிரிவில் ஓர் அம்மா இருந்தார், பேட்டர்சன்காரர். "அதையா முதல்ல சாப்பிட்டீங்க?" என்று, நான் யாரிடமோ ஏமாந்துவிட்டது போலக் கேட்டார். வாசலில் இருந்த செக்யூரிட்டி நியூவார்க்கில் பிறந்தவர். அவர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். இந்த மூன்று ஊர்களும் காரில் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் மூன்று ஊருக்கும் மூன்று ஹாட் டாக்.

பேட்டர்சன் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். 'சில்க் சிட்டி' என்றே பட்டப்பெயர் உண்டு. மில் தொழிலாளிகளுக்கு மலிவாகவும் வேகமாகவும் சாப்பாடு போட வந்த கிரேக்கர்கள், நூறு வருடங்களுக்கு முன்னால் அங்கே ஒன்றை உண்டாக்கினார்கள். அதற்கு 'டெக்ஸஸ் வீனர்' என்று பெயர் வைத்தார்கள். டெக்ஸஸ் மாநிலத்துக்காரரிடம் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பார். மேலே ஊற்றுகிற கறிச் சாறைச் 'சில்லி' என்று சொல்லிக்கொள்வதால் டெக்ஸஸ் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். முகர்ந்து பார்த்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும்: பட்டை வாசனை. கிரேக்கர்கள் வீட்டில் கறிக்கு எதைப் போட்டார்களோ அதையே இங்கேயும் போட்டிருக்கிறார்கள்.

"ஆல் தி வே" என்று கேட்டால், முதலில் கடுகு மஸ்டர்ட், அதன்மேல் பொடியாக அரிந்த வெங்காயம், அதற்கும் மேல் இந்தச் சாறு. வரிசை மாறக் கூடாது. கணக்குப் பிரிவு அம்மா இதில் கண்டிப்பு. ஒருமுறை என்னைக் கிளிஃப்டனிலேயே இருக்கும் ஹாட் கிரில்லுக்கு அழைத்துப் போனார். 1961-இலிருந்து நடக்கிற கடை. தட்டு வந்ததும் பன்னை விரலால் லேசாக விலக்கி, வெங்காயம் சாற்றுக்குக் கீழேதான் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அதற்கப்புறம்தான் என்னைச் சாப்பிடச் சொன்னார். வெங்காயம் மேலே கிடந்தால் பச்சை நெடி மூக்கில் ஏறுமாம். சூடான சாறு மேலே விழுந்தால் வெங்காயம் அரைவேக்காடாகி இனிக்குமாம். சாப்பிட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் சொன்னார்.

நியூவார்க் கதை வேறு. 1932-இல் ஜிம்மி பஃப்ஸ் என்ற கடையில் பிறந்தது இத்தாலியன் ஹாட் டாக். ஜேம்ஸ் ரசியோப்பி என்பவர் வீட்டில் சீட்டாட்டம் நடக்கும், ஆட வந்தவர்களுக்கு அவர் மனைவி மேரி செய்து கொடுத்ததுதான் பிறகு கடைச் சரக்கானது என்பது குடும்பத்தார் சொல்லும் கதை. சீட்டில் பொய்யாட்டம் ஆடுவதை 'பிளஃப்' என்பார்கள் அல்லவா? அது இத்தாலியக்காரர் வாயில் 'பஃப்' ஆகிக் கடைப் பெயரானதாம். இதில் பன் கிடையாது. வட்டமான ரொட்டியை வெட்டிப் பை மாதிரிப் பிளந்து, உள்ளே ஹாட் டாக், குடைமிளகாய், வெங்காயம், எல்லாவற்றுக்கும் மேலே பொரித்த உருளைக்கிழங்கு. ஒரு கையால் பிடிக்க முடியாது. எண்ணெய் முழங்கை வரைக்கும் வழியும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்று செக்யூரிட்டி எனக்கு முன்கூட்டியே சொன்னார். இதைவிடப் பயனுள்ள உணவு விமர்சனத்தை நான் எங்கேயும் படித்ததில்லை.

இவர்கள் மூவரிடமும் "எது நல்ல கடை?" என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ருசியைப் பற்றி யாருமே முதலில் பேசமாட்டார்கள். "எங்கப்பா சனிக்கிழமை கூட்டிட்டுப் போவார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இப்போது போனில் நட்சத்திரம் பார்த்துக் கடைக்குப் போகிறோம். நாலரை நட்சத்திரத்தில் அந்த அப்பா எங்கே இருக்கிறார்?

ஃபோர்ட் லீயில் இது இன்னும் முற்றிப்போன நோய். அங்கே ஹைரம்ஸ் என்ற கடை 1932 முதல் இருக்கிறது. பக்கத்திலேயே காலஹன்ஸ் என்று இன்னொரு கடை இருந்தது. இரண்டிலும் எண்ணெயில் பொரித்த ஹாட் டாக்தான். ஆனால் ஹைரம்ஸில் சாப்பிடுகிற குடும்பம் காலஹன்ஸ் பக்கம் போகாது, காலஹன்ஸில் சாப்பிடுகிற குடும்பம் ஹைரம்ஸ் பக்கம் திரும்பாது. டிவிக்காக உலகமெல்லாம் சுற்றிச் சாப்பிட்ட சமையல்காரர் ஆண்டனி போர்டேன் பக்கத்து ஊரான லியோனியாவில் வளர்ந்தவர், ஹைரம்ஸ் கட்சி. அவர் 2018-இல் இறந்த பிறகு, அவர் பெயரில் மாநில அரசு அறிவித்த உணவுப் பாதையில் அந்தச் சின்னக் கடையும் இருக்கிறது.

ஜெர்சி சிட்டிக்கு இந்திய மளிகை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்தில் இறங்கி, நியூவார்க் அவென்யூ பக்கம் விறுவிறுவென்று நடக்கிறோமே, அந்த ஸ்டேஷன் பக்கத்திலேயே 1937-இல் வந்த புலவார்டு டிரிங்க்ஸ் இருக்கிறது. எட்டு வருடம் அதைத் தாண்டித்தான் கறிவேப்பிலை வாங்கப் போனேன், ஒருநாளும் நிமிர்ந்து அந்தப் போர்டைப் பார்க்கவில்லை.

சரி, டைனருக்கு வருவோம். டைனர் என்பது ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும் சாப்பாட்டுக் கடை. பழைய ரயில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது என்று நானும் நம்பியிருந்தேன். இல்லை. தொழிற்சாலையில் முழுக் கடையாகவே கட்டி, லாரியில் ஏற்றி, ஊருக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். சாலையில் போகிற அகலம்தான் கடையின் அகலம். அந்தத் தொழிற்சாலைகள் பலவும் நியூ ஜெர்சியில்தான் இருந்தன: எலிசபெத்தில் ஓ'மஹோனி, புளூம்ஃபீல்டில் ஃபொடேரோ, பேட்டர்சனில் சில்க் சிட்டி. செய்த இடத்திலேயே சரக்கு அதிகம் தங்கிவிட்டது. ஜெர்சி சிட்டியில் இருக்கும் ஒயிட் மானா 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட கடை, பிறகு இங்கே இடம் மாறியது.

டைனரைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டால் மூன்றுதான். ராத்திரி முழுக்கத் திறந்திருந்த கடைகள் கோவிடுக்குப் பிறகு சீக்கிரமே மூடிவிடுகின்றன. விலை ஏறிவிட்டது. பழைய சிவப்பு இருக்கைகளை எடுத்துவிட்டு ஓட்டல் லாபி மாதிரி மாற்றிவிட்டார்கள். மூன்றாவதைச் சொல்லும்போதுதான் குரல் உயரும். காப்பி தண்ணியாக இருக்கிறது என்று யாரும் குறை சொல்வதில்லை. காப்பி அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனால் கோப்பை காலியாவதற்குள் கேட்காமலேயே ஊற்ற வேண்டும், ஊற்றுகிற அம்மா "ஹன்" என்று கூப்பிட வேண்டும். நம்மூரில் "கண்ணு, இன்னும் கொஞ்சம் ரசம்?" என்பது போல.

டைனரில் எனக்கு ஒரு சொந்த அனுபவம். பெயர் வேண்டாம். என் மனைவி சைவம். 'டிஸ்கோ ஃப்ரைஸ்' என்று மெனுவில் பார்த்து, உருளைக்கிழங்குதானே என்று சொல்லி வாங்கினோம். சூடான ஃப்ரைஸ் மேல் சீஸ் உருகி நூல் நூலாக இழுத்தது, பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பு. பாதித் தட்டு போன பிறகு, "இந்தக் குழம்பு எதில் செய்தது?" என்று சும்மா கேட்டாள். "மாட்டு எலும்புச் சாறு" என்று பதில் வந்தது. கேட்காமல் வாங்கியது எங்கள் தப்பு. வீடு வரும் வரைக்கும் காரில் ரேடியோ மட்டும்தான் பேசியது.

பெயர்ச் சண்டையும் ஒன்று உண்டு. டிரென்டனில் ஜான் டெய்லர் 1856-இல் செய்த பன்றியிறைச்சி. டைனரில் காலையில் அதை வட்டமாக வெட்டி வாட்டி, முட்டையும் சீஸும் சேர்த்து ரோலில் வைப்பார்கள். மாநிலத்தின் வடபாதியில் அது 'டெய்லர் ஹாம்', தென்பாதியில் 'போர்க் ரோல்'. மாற்றிச் சொன்னால் திருத்துவார்கள். 2016-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த அதிபர் ஒபாமா, இந்த வழக்கைத் தீர்க்கத்தான் வந்தேன் என்று ஆரம்பித்து, உடனே, அதில் தலையிடும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை என்று நழுவிக்கொண்டார்.

கெட்சப்? அமெரிக்காவில் ஹாட் டாக்குக்கென்றே ஒரு கவுன்சில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு மேல் ஹாட் டாக்கில் கெட்சப் ஊற்றக் கூடாது என்பது அதன் மரியாதை விதிகளில் ஒன்று. என் பையன் இங்கேயே பிறந்தவன். நான் கெட்சப் பாட்டிலை எடுத்தால் பக்கத்து மேஜைக்குத் தெரியாமல் பிடுங்கி வைத்துவிடுவான்.

போன கோடையில் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். பையன் பாட்டியை ரட்ஸ் ஹட்டுக்குக் கூட்டிப் போயே தீருவேன் என்று அடம் பிடித்தான். அவர் வெங்காயம் பூண்டே பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறவர். "ஆனியன் ரிங்ஸ் சாப்பிடுங்க பாட்டி" என்றான். "எந்த எண்ணெய்ல போட்டாங்க?" என்றார். பையன் கவுண்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பதில் சொல்லவில்லை. "அப்ப வேண்டாம்" என்றார்.

அந்தக் கடையில் மஞ்சள் நிறத்தில் ஒரு ரெலிஷ் உண்டு, காய்கறியைப் பொடியாக அரிந்து செய்த ஊறுகாய் மாதிரி. ஹாட் டாக்குக்குப் பாதிப் புகழ் அதனால்தான். செய்முறை ரகசியம். வீட்டில் செய்து பார்த்துத் தோற்ற கிளிஃப்டன்காரர்கள் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். பையன் வெறும் பன்னில் அதைத் தடவிப் பாட்டி கையில் கொடுத்தான். இத்துனூண்டு பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் கிரிமேட்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவரும் நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

"கோஸு. கேரட்டு. கடுகு அரைச்சு விட்டிருக்கான். வெங்காயம் இருக்கு, பரவாயில்ல" என்றார். அப்புறம் இன்னொரு பிட்டு. "சர்க்கரைதான் ஒரு கரண்டி ஜாஸ்தி."

அவர் என்ன சொல்கிறார் என்று பெரியவர் என்னிடம் கேட்டார். சர்க்கரையை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

நன்றி, வணக்கம்.