குட்டியானைக்கும் லோடு வேண்டும்

நடுவர் ஐயா, வணக்கம். சேலத்து மேடையில் இன்றைய தலைப்பு, ‘உள்ளூரில் பறந்த விமான நிறுவனம் கடல் தாண்டும் பெரிய விமானம் வாங்குவது விரலுக்கேற்ற வீக்கமா, விரலை மீறிய வீக்கமா?’ மீறிய வீக்கம்தான் என்று எதிரணி அண்ணன் மூச்சுவிடாமல் பேசிவிட்டு இப்போது சோடா குடித்துக்கொண்டிருக்கிறார். குடிக்கட்டும். நான் சங்ககிரிக்காரி, எங்கள் வீட்டுச் சோறு லாரியில் வந்தது, அதனால் வண்டி வாங்குவதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அண்ணன் ஏற்காட்டை உதாரணம் காட்டினார். 20 கொண்டை ஊசி வளைவு, மினி பஸ் லாவகமாக ஏறும், நீள வண்டி திணறும், ஆகவே சின்னதே நல்லது என்றார், கைதட்டலும் வாங்கினார். ஏனுங்க அண்ணா, ஏற்காட்டுக்கு மினி பஸ் சரி, அதே மினி பஸ்ஸில் டெல்லிக்கு ஏற்றிவிட்டால் போவீர்களா?

லாரிக்காரர் வீட்டில் புது வண்டி என்றால் முதல் கேள்வி விலை இல்லை. லோடு இருக்கிறதா? அடுத்தது, ரிட்டர்ன் லோடு இருக்கிறதா? அப்புறம்தான் ஃபைனான்ஸ்காரரைப் பார்ப்பார்கள். விமானத்துக்கும் இதையே கேளுங்கள். பிள்ளையை லண்டனுக்கோ டொரன்டோவுக்கோ சான் பிரான்சிஸ்கோவுக்கோ அனுப்பிய வீடு இந்தக் கூட்டத்திலேயே எத்தனை இருக்கும்! அதில் பாதிப் பேர் நடுராத்திரியில் துபாயிலோ தோஹாவிலோ அபுதாபியிலோ இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வாசலுக்கு ஓடிய கதையைச் சொல்வார்கள். இந்தியாவுக்கும் துபாய்க்கும் உள்ள ஒப்பந்தப்படி ஒவ்வொரு தரப்பும் வாரத்துக்கு 65,000க்கு மேல் இருக்கைகளை ஓட்டலாம். அதில் போகிறவர் எல்லாம் புர்ஜ் கலீஃபா பார்க்கவா போகிறார்கள்? லோடு நம்முடையது, வாடகை அவர்களுடையது.

துபாயின் எமிரேட்ஸ் விமான நிறுவனம் 1985ல் தொடங்கியபோது பாகிஸ்தான் விமான நிறுவனத்திடம் இரண்டு விமானத்தை வாடகைக்கு எடுத்துத்தான் தொடங்கியது. முதலில் ஓடிய ஊர்கள் கராச்சி, மும்பை. அதாவது, அவர்கள் கல்லாவில் விழுந்த முதல் காசுகளில் நம்மவர் காசும் உண்டு. அப்போது அவர்களிடம் ‘விரலுக்கேற்ற வீக்கம்’ என்று யாராவது பட்டிமன்றம் வைத்திருந்தால் இன்றைக்குத் துபாய் விமான நிலையம் என்ன ஆகியிருக்கும்? நாமோ அதற்கு நேர் எதிராக, 2004ல் ஒரு விதி போட்டோம். ஐந்து வருடம் உள்ளூரில் பறந்திருக்க வேண்டும், 20 விமானம் வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் வெளிநாட்டுக்குப் போகலாம். 2016ல்தான் அந்த ஐந்து வருடக் கணக்கை எடுத்தார்கள். பக்கத்து ஊர்க்காரனுக்கு நேஷனல் பர்மிட் கொடுத்துவிட்டு, சொந்தப் பிள்ளையை மாவட்ட எல்லையில் நிறுத்தி வைத்த கதை இது.

சரி, அண்ணனின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். கிங்ஃபிஷர் விமான நிறுவனம். 2005ல் வந்தது, 2008ல் பெங்களூரிலிருந்து லண்டனுக்குப் பறந்தது, 2012 அக்டோபரில் நின்றது, பார்த்தீர்களா என்றார். பார்த்தேன். கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட அதே 2008ல், ஒரு வருடம்கூட லாபம் பார்த்திராத ஒரு நிறுவனம், முந்தைய வருடம்தான் ஏர் டெக்கான் என்ற மலிவு விலை விமான நிறுவனத்தை வாங்கிய கடனோடு லண்டன் புறப்பட்டால் வேறென்ன நடக்கும்? வண்டியின் மேல் பழி போடாதீர்கள், ஓட்டியவரைக் கேளுங்கள். இண்டிகோவைப் பாருங்கள். 2006ல் பறக்கத் தொடங்கி, ஏ320 வகை நடுத்தர விமானத்தையும் பிறகு ஏடிஆர் என்ற சின்ன விமானத்தையும் வைத்தே தொழிலைப் பழகி, 2023-24ல் 8,100 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் காட்டியது. அது கடல் தாண்டும் பெரிய விமானமான ஏ350க்கு, மொத்தம் 30க்கு, ஆர்டர் கொடுத்தது 2024 ஏப்ரலில். பதினெட்டு வருடம் பொறுத்தவனை அவசரக்காரன் என்று எப்படிச் சொல்வது?

அண்ணன் சொல்லாமல் விட்ட ஒரு ஓட்டையை நானே சொல்கிறேன், ஒளிக்க வேண்டியதில்லை. ஏர் இந்தியா அமெரிக்காவுக்கு நிற்காமல் போக போயிங் 777-200எல்ஆர் என்ற நெடுந்தூர விமானம் எட்டு வாங்கியது. அதில் ஐந்தை அபுதாபியின் எதிஹாட் நிறுவனத்துக்கு விற்றது. குறை எங்கே? மிக நீண்ட தூரம் போகும் விமானம் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருளை எரிக்கும். டேங்க் நிறைய டீசலோடு பாரம் ஏற்றி மேடேறும் லாரி மாதிரிதான். வண்டியே கனம் என்றால் கணக்கு இடிக்கும். இப்போது வரும் ஏ350ன் உடலில் பாதிக்கு மேல் கார்பன் இழை போன்ற கலப்புப் பொருள். முந்தைய தலைமுறையைவிட எரிபொருள் 25 சதவீதம் மிச்சம் என்கிறது ஏர்பஸ். விற்கிறவர் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள், அப்படியும் மிச்சம் மிச்சம்தான். விமானத்தின் வாடகையும் தவணையும் டாலரில், ரூபாய் சரிந்தால் அடி விழும் என்றார் அண்ணன். ஆமாம், விழும். ஆனால் வெளிநாட்டில் டிக்கெட் விற்கிறவனுக்குத்தான் டாலரில் வருமானமும் உண்டு.

கடைசியாக ‘ஏ350 நம் சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் இறங்குமா?’ என்று கேட்டார். இறங்காது. 1,800 மீட்டர் ஓடுதளத்தில் அது வேலைக்கு ஆகாது. டாரஸ் லாரி நம் சந்துக்குள் வருகிறதா? குட்டியானைதான் வருகிறது. ஆனால் டாரஸ் குடோனுக்கு வந்தால்தான் குட்டியானைக்கு ஓட்டம். நம் குட்டியானை அந்த 78 பேர் ஏடிஆர். 2018 மார்ச்சில் இங்கிருந்து சென்னைக்கு விமானம் வந்தது, அப்புறம் நின்றது, 2023 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. சென்னைக்குப் போகிறவனை மட்டும் நம்பினால் இப்படித்தான். அவனுக்கு ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, கார் இருக்கிறது. ஓமலூர் தாண்டிப் போய் விமானம் ஏற வேறு காரணம் வேண்டும். கமலாபுரத்தில் பெட்டியைப் போட்டால் லண்டனில் எடுக்கலாம், ஒரே டிக்கெட் என்று சொல்லிப் பாருங்கள். அந்த 78 இருக்கையில் எதைக் காலியாக விடுவார்கள்? பயணியின் காலுக்குக் கீழே ஏ350ல் 36 சரக்குப் பெட்டி போகும். வெள்ளிக் கொலுசும் மல்கோவாவும் ஏற்காட்டு மிளகும் ஏறுவதற்கு இடம் அங்கேதான் இருக்கிறது.

ஒரேயடியாக டாரஸ் பயமாக இருக்கிறதா, நடுவில் ஒன்று இருக்கிறது. ஏ321எக்ஸ்எல்ஆர், ஒற்றை நடைபாதை, 8,700 கிலோமீட்டர் போகும், சென்னையிலிருந்து டோக்கியோ தாராளமாக எட்டும். கூட்டம் குறைவான ஊர்களில் அதை ஓட்டிப் பழகலாம்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன் ஐயா. அண்ணன் பேச்சோடு பேச்சாக, மகள் மான்செஸ்டரிலிருந்து பொங்கலுக்கு வருகிறாள் என்று பெருமையாகச் சொன்னார். அவள் எந்த ஊரில் இறங்கி மாறுகிறாள், அங்கே எத்தனை மணி நேரம் காத்திருக்கிறாள், அந்த டிக்கெட் காசு எந்த நாட்டு நிறுவனத்துக்குப் போகிறது, இதை மட்டும் அவர் மறுமொழியில் சொல்லட்டும்.