முப்படி எங்கிருந்து வருகிறது?

"பழைய தமிழ் நூல் விற்பனையாளர்" என்கிறோம். பழையது தமிழா, நூலா, விற்பனையாளரா? நான்கு சொற்களை இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டே போக 5 வழி உண்டு. பத்துச் சொல்லுக்கு 4,862. இருபதுக்கு 176 கோடியைத் தாண்டிவிடும். வாக்கியத்தில் எது எதோடு இணைகிறது என்று கணினி கண்டறிவதுதான் பகுப்பு; ஒவ்வோர் இணைப்பு வழியின் படமும் ஒரு மரம். மரங்களை ஒவ்வொன்றாக வரைந்து பார்க்கும் நிரல் இங்கேயே படுத்துவிடும்.

சிஒய்கே (CYK) என்னும் பகுப்பு அல்காரிதம் மரங்களை எண்ணுவதில்லை. எந்தச் சொல்லில் தொடங்கி எதில் முடிகிறது என்ற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்டம் போட்டு, அதில் என்னென்ன இலக்கண வகை அமையும் என்று ஒரே முறை குறித்துக்கொள்கிறது. 20 சொல்லுக்கு 210 கட்டம் போதும். துண்டின் தொடக்கம், முடிவு, நடுவில் வெட்டும் இடம் ஆகிய மூன்றும் வாக்கிய நீளத்தோடு வளர்வதால்தான் வேலை நீளத்தின் முப்படியாக (நீளம் × நீளம் × நீளம்) வளர்கிறது. 20 சொல்லில் 1,330 வெட்டு. 40 சொல்லில் 10,660.

நண்பர்களே, இந்த எண்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது, எந்த வகைகள் சேர்ந்தால் எந்த வகை ஆகும் என்று சொல்லும் இலக்கண விதிகளைக் கண்டுதான். 10,000 விதிகள் இருந்து, ஒவ்வொரு வெட்டிலும் அத்தனையையும் சோதித்தால், அதே 20 சொல்லுக்கு 1 கோடியே 33 லட்சம் சோதனை. வாக்கிய நீளத்தோடு மாறாததால் பாடநூல்கள் இந்த விதி எண்ணிக்கையை 'மாறிலி' என்று ஒதுக்கிவிடும், கணினி ஒதுக்காது.

விதிகள் பெருகுவது பெரும்பாலும் நம் கையால்தான். தமிழில் எழுவாயும் செயப்படுபொருளும் சொல்லப்படாமலே நிற்கும். ஆகவே ஓர் உறுப்பு சொல்லே இல்லாமலும் அமையலாம் என்னும் வெற்று விதிகள் எழுதுகிறோம். சிஒய்கே இரண்டிரண்டாகவே இணைப்பதால், நீண்ட விதிகளை உடைக்கவும் வெற்று விதிகளை நீக்கவும் வேண்டும். ஒரு விதியின் வலப்பக்கம், அதாவது சேரும் உறுப்புகளின் பட்டியலில், 10 உறுப்பு, பத்துமே மறையக்கூடியவை என்று வையுங்கள். வெற்று விதிகளை முதலில் நீக்கினால் அந்த ஒரு விதி 1,023 ஆகும். முதலில் இரண்டிரண்டாக உடைத்தால் 9 விதி. பிறகு வெற்று நீக்கினால் 27. வரிசையை மாற்றுவதுதான் வித்தியாசம்.

சொல்வரிசை இன்னொரு கண்ணி. வினைக்கு முன் 5 உறுப்பு எப்படியும் இடம் மாறலாம் என்றால் 120 வரிசை. வரிசை சொல்லாத விதிகளாகவே வைத்தால் இலக்கணம் சுருங்கும்; ஆனால் இலக்கணத்தையும் உள்ளீடாகக் கொண்டால் அப்படிப் பகுக்கும் சிக்கல் என்பி-முழுமையானது, அதாவது எப்போதும் விரைவாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத வகை, என்று ஆய்வாளர் பார்ட்டன் 1985-இல் நிறுவினார்.

அதே ஆண்டு ஆய்வாளர் ஷீபர், சுவிஸ் ஜெர்மனில் பெயர்களும் வினைகளும் குறுக்கே பிணைவதைக் காட்டி, சூழல்சாரா இலக்கணம் (சிஒய்கே கையாளும் வகை) எல்லா மொழிக்கும் போதாது என்றார். அந்தப் பிணைப்பைத் தாங்கும், சிறு மரங்களை ஒட்டிப் பெரிதாக்கும் மர ஒட்டு இலக்கணத்துக்கு வழக்கமான பகுப்பு முறை நீளத்தின் ஆறாம் அடுக்கைக் கேட்கும். வாக்கியம் இரட்டித்தால் வேலை 64 மடங்கு.