சென்ற இடத்தில் ஒரு நூலகம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நீண்ட பயணம் செய்து வந்து நம் நிகழ்ச்சிக்குப் பெருமை சேர்த்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, எனக்கு முன் அழகாகப் பேசி அமர்ந்த பேராசிரியர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, பின்வரிசையில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் நூலகப் பணியாளர்களே! உங்களுக்குத்தான் என் முதல் வணக்கம்.

நூலக ஊழியர்களையும் அந்நிய நகரில் புதுவாழ்வு தொடங்குபவர்களையும் பற்றிய நாவல் எப்படி அமைய வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். களம், மாந்தர், நடை என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

'கற்றோர்க்குச் சென்ற இடமெல்லாம் சிறப்பு' என்கிறது மூதுரை. சென்ற இடத்தில் அந்தச் சிறப்பை யார் கொடுப்பது? நாவலாசிரியர் இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுக்க வேண்டும். அதற்குப் பாரிஸ் அமெரிக்க நூலகத்தை விடப் பொருத்தமான களம் கிடையாது.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அமெரிக்க நூலகச் சங்கம் சிப்பாய்களுக்குப் புத்தகங்களை அனுப்பத் தொடங்கியது. போர் முடிந்தது, சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள், புத்தகங்கள் பாரிசில் தங்கின. 1920இல் அவற்றைக் கொண்டு நூலகம் எழுந்தது. 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிசுக்குள் நுழைந்தபோது இயக்குநராக இருந்தவர் டாரதி ரீடர். நூலகங்களைக் கண்காணிக்க வந்த அதிகாரி ஹெர்மான் ஃபுக்ஸ், அவரும் ஒரு நூலகர், பெர்லின்காரர். நூலகம் நடக்கலாம், ஆனால் யூதர்கள் உள்ளே வரக் கூடாது என்பது உத்தரவு! ஊழியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வர முடியாதவர்களின் வீட்டுக்கே புத்தகங்களை எடுத்துச் சென்று கொடுத்தார்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் போனார்கள். 1941இல் ரீடர் தாயகம் திரும்ப, கிளாரா லாங்வொர்த் டி ஷாம்ப்ரன் பொறுப்பை ஏற்றார். நாஜிகளின் ரகசியக் காவல் படையான கெஸ்டாபோவின் திடீர்ச் சோதனையில், கையை உயர்த்தத் தாமதித்த ஊழியர் ஒருவர் சுடப்பட்டார். அப்போதும் நூலகம் மூடப்படவில்லை.

அதே நகரில் புலம்பெயர்ந்த ரஷ்யர்களுக்காக 1875இல் தொடங்கிய துர்கனேவ் நூலகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் புத்தகங்களை 1940இல் நாஜிகள் அள்ளிச் சென்றார்கள். நாடு இழந்தவர்களுக்கு மிஞ்சியிருந்த கொஞ்சமும் போயிற்று.

மாந்தரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்நிய நகரில் வந்திறங்கியவர் முதலில் பார்க்கும் நூலக மாந்தர், கவுன்ட்டரில் இருப்பவர். அவர் கேட்கும் முதல் கேள்வி: "முகவரிச் சான்று இருக்கிறதா?" வந்தவர் இன்னொருவர் பெயரில் இருக்கும் அறையில் ஒண்டியிருக்கிறார். மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில். கற்றோர்க்குச் சென்ற இடமெல்லாம் சிறப்பு, முகவரிச் சான்று இருந்தால்!

இதற்கு வழி இருக்கிறது, பெருமக்களே. படமுள்ள ஏதேனும் ஓர் அடையாள அட்டையைப் பாருங்கள். அவர் சொல்லும் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்புங்கள். அதைக் கொண்டுவந்து காட்டினால் அதுவே சான்று. அஞ்சல் வராத விடுதியில் இருப்பவருக்கு விடுதிப் பொறுப்பாளரின் கடிதம் போதும். முதலில் இரண்டு புத்தகங்கள், ஒழுங்காகத் திருப்பியதும் முழு ஒதுக்கீடு.

புத்தகம் திரும்பாமல் போகுமே என்பார்கள். பெரும்பாலும் திருட்டு நோக்கத்தால் அப்படி ஆவதில்லை. அவர் அறை மாறியிருப்பார், நினைவூட்டல் பழைய முகவரிக்குப் போயிருக்கும். அதனால் கைப்பேசி எண்ணோடு இன்னொருவர் எண்ணையும் வாங்கி, ஒவ்வொரு இரவலின்போதும் சரிபாருங்கள். காப்புத்தொகை வாங்குகிறீர்களா? ஊரை விட்டுப் போகிறவருக்கு அன்றே கவுன்ட்டரில் திருப்பிக் கொடுங்கள். பிறகு வாருங்கள் என்று அலைய விட்டால் புத்தகத்தோடு போய்விடுவார். மொழி கற்கும் நூல்கள்தாம் அதிகம் கேட்கப்படும். இரண்டு படிகள் வாங்கி, ஒன்றை இரவலுக்கும் மற்றொன்றை அங்கேயே படிப்பதற்கும் வையுங்கள். உடன்வரும் ஒலித்தட்டு உறையில் இருக்கிறதா என்று திருப்பும்போதே பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்தவருக்கு அந்தப் புத்தகம் பாதிதான். உட்கார்ந்து படிப்பதற்கு மட்டும் எந்த அட்டையும் கேட்காதீர்கள்.

நடையைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் பொறுத்தருள வேண்டும். அஞ்சலட்டையே சான்று என்ற விதியைக் கேட்டு ஒரு மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். நூலகப் பணியாளர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.